சித்திரையில் விட்ட தேங்காய் கார்த்திகைச் சாவைச் சொல்லுமா?

கேள்வி: ஐயா, நாங்கள் ராமநாதபுரம் மாவட்டம், ஆற்றங்கரைப் பக்கம். என் தம்பிக்கு 26 வயது. போன கார்த்திகையில், வைகைத் தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த சமயம், ஒரு ராத்திரி வெளியே போனவன் திரும்பவில்லை. வண்டியும் செருப்பும் முகத்துவாரத்துக்கு மேலே ஆற்றுக் கரையில் கிடந்தன. மூன்றாம் நாள் காலையில் அரியமான் பக்கம் கரை ஒதுங்கினான். குடித்துவிட்டு ஆற்றில் விழுந்திருக்கிறான், தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று போலீஸில் முடித்துவிட்டார்கள். ஆனால் அன்றைக்கு ஒரு பணத் தகராறு பேச மண்டபம் ஊர்ப் பக்கம் போவதாக நண்பனிடம் சொல்லியிருக்கிறான். நெற்றியிலும் முழங்காலிலும் காயம் இருந்தது. மூன்றே நாளில் மிதந்ததால் கொன்றுதான் போட்டிருப்பார்கள் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்கிறார். இந்தச் சித்திரையில் சித்தப்பா மகன்கள் வண்டி நின்ற இடத்தில் பத்துத் தேங்காய்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றுகூட அரியமான் போகவில்லை. பாதி முகத்துவாரத்திலேயே நின்றுவிட்டன, மீதி பனைக்குளம் பக்கம் ஒதுங்கின. இது சாட்சி ஆகுமா? சரியாகச் செய்ய வழி இருக்கிறதா? உடலை அடக்கம் செய்துவிட்டோம். பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன். தம்பியை இழந்த துக்கத்தோடு, எப்படி இறந்தான் என்று தெரியாத பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறீர்கள். கடல் நீரோட்டம் அளப்பது என் தொழில். பாக் விரிகுடாவில் மிதவை விட்டுப் பின்தொடர்ந்த அனுபவம் உண்டு, காவல்துறை கேட்டபோது கருத்து எழுதிக் கொடுத்ததும் உண்டு. நான் மருத்துவன் இல்லை. அதனால் உடல் பற்றி இங்கே சொல்வதெல்லாம் தடயவியல் மருத்துவத்தில் பொதுவாக ஒப்புக்கொண்ட விஷயங்கள் மட்டுமே.

முதலில் நேரடியான பதில். சித்திரையில் விட்ட தேங்காய்கள் சாட்சி ஆகாது. நீதிமன்றத்தில் எடுபடாது என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அவை உண்மையைச் சொல்லவும் இல்லை. ஆனால் உங்கள் சித்தப்பா மகன்கள் பிடித்த வழி தப்பானது இல்லை. அதே சோதனையை வரும் கார்த்திகையில் முறையாகச் செய்தால் அதற்கு மதிப்பு உண்டு.

சித்திரைக்கும் கார்த்திகைக்கும் உங்கள் கடல் ஒரே கடல் இல்லை. இது உங்கள் வீட்டு ஆண்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சித்திரையில் காற்று பெரும்பாலும் தெற்கு, தென்கிழக்குப் பக்கமிருந்து வரும். மேலே மிதக்கும் எதையும் அது வடமேற்கே, அதாவது பனைக்குளம், தேவிபட்டினம் திசையில் தள்ளும். தேங்காய் பனைக்குளம் போனது அதனால்தான். கார்த்திகையில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். அந்த மாதங்களில் பாக் விரிகுடாவின் தண்ணீர் பாம்பன் கால்வாய் வழியாக மன்னார் வளைகுடாவுக்கு இறங்கும். தென்மேற்குக் காற்றடிக்கும் கச்சான் காலத்தில் அப்படியே தலைகீழ், மன்னார் வளைகுடாத் தண்ணீர் இந்தப் பக்கம் ஏறும். ஆகவே கார்த்திகையில் ஆற்றங்கரையிலிருந்து தென்கிழக்கே, அரியமான் பக்கம், ஒரு பொருள் நகர்வது அந்தப் பருவத்தின் போக்குக்கு ஒத்ததுதான். உங்களுக்கு இது பிடிக்காத செய்தியாக இருக்கலாம். போலீஸ் சொல்வது நடந்திருக்கவே முடியாது என்று திசையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

அடுத்தது ஆறு. வைகை உங்கள் ஊரில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. அணையிலிருந்து விட்ட தண்ணீரும் மழைத் தண்ணீரும் பார்த்திபனூர் மதகணை தாண்டி, ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறைந்து, உபரி கடலுக்குப் போகும்போதுதான் முகத்துவாரத்தில் ஓட்டம் இருக்கும். சித்திரையில் அங்கே இருப்பது பெரும்பாலும் தேங்கிய உப்புத் தண்ணீர். அதில் போட்ட தேங்காய் பாதி அங்கேயே நின்றதில் வியப்பு இல்லை.

மூன்றாவது, தேங்காய். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய விசாரணைகளே இந்த இடத்தில்தான் சறுக்கும். தேங்காய் தண்ணீருக்கு மேலே நன்றாகத் தலை நீட்டி மிதக்கும், காற்று அதைப் பிடித்துத் தள்ளும். மனித உடலின் அடர்த்தி கிட்டத்தட்டத் தண்ணீருக்குச் சமம். மூழ்கி இறந்தவரின் நுரையீரலில் தண்ணீர் ஏறிவிடுவதால் உடல் முதலில் அடியில் போய்ப் படுக்கும். அழுகல் வாயு சேர்ந்த பிறகுதான் மேலே வரும். நம்முடையது போன்ற வெதுவெதுப்பான, ஆழமில்லாத தண்ணீரில் அதற்கு ஒரு நாள் போதும். குளிர் கூடினாலோ ஆழம் கூடினாலோ இன்னும் சில நாள் ஆகும். அடியில் கிடக்கும் வரை உடல் அதிகம் நகராது. தரையை ஒட்டிய ஓட்டம் எப்போதும் மெதுவானது, வலையும் கல்லும் பாசியும் பிடித்துக்கொள்ளும். மேலே வந்த பிறகு குப்புற, முக்கால்வாசி தண்ணீருக்குள் அமிழ்ந்தபடி மிதக்கும். தம்பியின் உடல் கடந்த தூரத்தில் பெரும்பகுதி அந்தக் கடைசி ஒரு நாள், ஒன்றரை நாளில் கடந்ததாகவே இருக்கும். அப்படியானால் முக்கியமான கேள்வி எங்கே விழுந்தார் என்பதோடு நிற்பதில்லை, எங்கே மேலே வந்தார் என்பதும்தான்.

முகத்துவாரத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம். ஆற்றுத் தண்ணீர் மேலே கடலை நோக்கி ஓடும்போதே அடியில் கடல் தண்ணீர் உள்நோக்கி வருவது முகத்துவாரங்களில் வழக்கம். அதனால் மேலே மிதக்கும் பொருள் கடலுக்குப் போய்விடும், அடியில் கிடக்கும் உடல் போகாமல் ஆற்றுக்குள்ளேயே நிற்கலாம். நல்ல வெள்ளம் என்றால் உப்புத் தண்ணீரையே வெளியே தள்ளிவிடும், அப்போது கணக்கு வேறு. அந்த மூன்று நாளில் எத்தனை கன அடி போனது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதில் யாரும் வாய் திறக்கக்கூடாது.

பொருள் சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எம்.எச்.370 விமானத் தேடலைச் சொல்லலாம். காணாமல் போன அந்த மலேசிய விமானத்தின் இறக்கைத் துண்டு ஒன்று 2015 ஜூலையில் ரியூனியன் தீவில் ஒதுங்கியது. அது எங்கிருந்து வந்திருக்கும் என்று கணக்கிட ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் விஞ்ஞானிகள் முதலில் மாதிரித் துண்டுகள் செய்து கடலில் விட்டார்கள். அப்புறம் அதே வகை போயிங் 777 விமானத்தின் நிஜத் துண்டையே வாங்கி, உடைந்த வடிவத்துக்கு வெட்டி, 2017-இல் மறுபடி சோதித்தார்கள். நிஜத் துண்டு மாதிரிகளைவிட வேகமாகப் போனது. காற்றின் திசையிலிருந்து சுமார் 20 பாகை இடப்பக்கம் விலகியும் போனது. அளந்து செய்த மாதிரிக்கே இவ்வளவு வித்தியாசம்.

பெரியவர் சொன்னதற்கு வருகிறேன். மிதந்தால் கொலை என்ற நம்பிக்கை மிகப் பழையது. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபர்ட் ஊரில் 1699-இல் சாரா ஸ்டவுட் என்ற பெண் ஆற்றில் இறந்து கிடந்தபோது, உடல் மிதந்தது, ஆகவே இறந்த பிறகுதான் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி ஸ்பென்சர் கௌப்பர் என்ற வழக்கறிஞர் மேல் கொலை வழக்குப் போட்டார்கள். மாலுமிகளைக் கூட்டி வந்து சாட்சி சொல்ல வைத்தார்கள். எதிர்த்தரப்பில் ஹான்ஸ் ஸ்லோன் போன்ற மருத்துவர்கள் வந்து பேசினார்கள். கௌப்பர் விடுதலையானார். முன்னூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த நம்பிக்கை போகவில்லை. மூன்றாம் நாள் மிதந்தது என்பது நம் ஊர்த் தண்ணீருக்கு இயல்பானது. அதை வைத்து யார் மேலும் பழி சொல்ல வேண்டாம் என்று பெரியவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஊரில் ஒரு பெயர் அடிபட்டுவிட்டால் பிறகு திரும்பப் பிடிக்க முடியாது.

நெற்றியிலும் முழங்காலிலும் இருந்த காயமும் அப்படித்தான். குப்புறக் கிடக்கும் உடல் தரையில் உரசும்போது நெற்றி, கை முட்டிகள், முழங்கால், கால் விரல்கள், இந்த இடங்களில்தான் சிராய்ப்பு வரும். உதடு, இமை, காது மடலில் மீனும் நண்டும் கடித்த தடமும் இருக்கலாம். உயிரோடு இருக்கும்போது பட்ட காயமா பிறகு பட்டதா என்பதை உடற்கூறு செய்த மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் அதைக் கேள்வியாகவே எழுப்பலாம். பின்னந்தலையிலோ கழுத்திலோ ஏதாவது குறித்திருந்தால் அது வேறு விஷயம், உடனே வக்கீலிடம் காட்டுங்கள்.

நீரோட்டச் சோதனையைவிட உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லக்கூடிய ஒன்று இருக்கிறது: டயாட்டம் பரிசோதனை. டயாட்டம் என்பது தண்ணீரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பாசி, அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. உயிரோடு தண்ணீரில் மூழ்கி மூச்சுக்குத் தவித்தால் அது நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போய்ச் சேரும். இறந்த பிறகு போட்ட உடலில் மஜ்ஜை வரை போவது அரிது. இதில் உங்களுக்குக் கைகொடுப்பது எது தெரியுமா? வைகையின் நல்ல தண்ணீரில் வாழும் வகைகள் வேறு, பாக் விரிகுடாவின் உப்புத் தண்ணீரில் வாழும் வகைகள் வேறு. வெள்ளம் ஓடிய நாளில் ஆற்றில் மூழ்கியவர் மஜ்ஜையில் கடல் வகைகள் மட்டும் இருந்தால், ஆற்றில் விழுந்தார் என்ற கதையை மறுபடி யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. முகத்துவாரத்தில் இரண்டு வகையும் கலந்திருக்கும். மூழ்கி இறந்தவர் எல்லோரிடமும் டயாட்டம் கிடைப்பதும் இல்லை, கிடைக்காததால் மூழ்கவில்லை என்று ஆகிவிடாது.

எனவே உடற்கூறு அறிக்கையின் நகலை வாங்கி இரண்டு விஷயம் பாருங்கள். மார்பெலும்போ தொடை எலும்போ எடுத்து அனுப்பினார்களா? தம்பி கிடந்த இடத்திலும் வண்டி நின்ற இடத்திலும் தண்ணீர் மாதிரி எடுத்தார்களா? எலும்பு எடுக்கவில்லை என்றால், அடக்கம் செய்திருப்பதால் மாஜிஸ்திரேட் உத்தரவோடு தோண்டி எடுத்துப் பரிசோதிக்கும் வழி சட்டத்தில் இருக்கிறது. மண்ணிலும் டயாட்டம் இருக்கும், ஆகவே பலன் உறுதி இல்லை. குடும்பத்துக்கு அது எவ்வளவு கொடிய அனுபவம் என்பதும் எனக்குத் தெரியும். மற்ற காகிதங்களையெல்லாம் பார்த்த பிறகு, கடைசியாக எடுக்க வேண்டிய முடிவு அது. உள்ளுறுப்பு ரசாயனப் பரிசோதனை முடிவையும் கேளுங்கள். குடித்திருந்தார் என்பது யாரோ சொன்னதா, ரத்தத்தில் அளந்ததா என்பது அதில் தெரியும்.

சரி, வரும் கார்த்திகைச் சோதனையை எப்படிச் செய்வது?

இப்போதே தொடங்க வேண்டியது காகித வேலை. சம்பவம் நடந்த மூன்று நாளும் பார்த்திபனூரிலும் பெரிய கண்மாய் உபரியிலும் எத்தனை கன அடி போனது என்று நீர்வளத்துறையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். பாம்பனில் வானிலை ஆய்வு மையத்தின் நிலையம் இருக்கிறது, அந்த நாட்களின் காற்றுத் திசையும் வேகமும் அங்கே பதிவாகியிருக்கும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல் நீரோட்டத்தைக் கணக்கிடுகிறது. கடலில் காணாமல் போனவர்களைத் தேடுவதற்கென்றே 'சாரட்' என்ற கருவியை 2016-இல் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தக் கணக்கு திறந்த கடலுக்குத்தான் நன்றாகப் பொருந்தும், முகத்துவாரத்தின் மணல்திட்டும் சுழியும் அதில் தெரியாது.

அதைவிட நல்ல சாட்சி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அந்த ராத்திரிகளில் யாராவது நாட்டுப்படகில் வலை விட்டிருப்பார்கள். வலை விட்ட இடம் எது, எடுத்த இடம் எது, எவ்வளவு நேரம், காற்று வாடையா, கிழக்கிலிருந்து வரும் கொண்டலா என்று அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். நிஜ நாளில், நிஜக் கடலில் தானாக நடந்த சோதனை அது. நினைவு மங்குவதற்குள் கேட்டுவிடுங்கள்.

விடும் பொருள்: பழைய பேண்ட், சட்டைக்குள் தண்ணீர் நிரப்பி இறுக மூடிய கேன்களைத் திணித்து, மணல் சேர்த்தும் குறைத்தும் கிட்டத்தட்ட முழுக்க அமிழும்படி செய்த பொம்மை போதும். எடை தம்பியின் எடைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கூடவே ஆரஞ்சுப் பழங்களையும் விடுங்கள். ஆற்று வேகத்தை அளக்க அதைப் பயன்படுத்துவது பழைய பழக்கம். அது தண்ணீரில் அமிழ்ந்து மிதப்பதால் காற்று அதிகம் பிடிக்காது, நிறத்தால் தூரத்திலிருந்தே தெரியும். குறிப்பிட்ட தூரத்தைக் கடக்க ஆகும் நேரத்தை வைத்து மேல்மட்ட வேகம் கிடைக்கும், அதை 0.85-ஆல் பெருக்கினால் ஆற்றின் சராசரி வேகம் ஏறக்குறைய வந்துவிடும்.

விடும் இடங்கள்: வண்டி நின்ற இடத்தில் அடியில் கிடக்கும்படி கனமாக்கிய பொம்மை ஒன்று, ஒரு நாளில் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க. முகத்துவாரத்திலும் அதற்கு வெளியே கடலிலும் மிதக்கும் பொம்மைகள், மேலே வந்த பிறகு எங்கே போகும் என்று பார்க்க. தம்பி போயிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கும் மண்டபம் பக்கத்திலும் அதே எண்ணிக்கை. இந்தக் கடைசி ஏற்பாட்டைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். போலீஸ் சொன்ன இடத்தை மட்டும் சோதித்தால் பாதி கேள்விக்குத்தான் பதில் வரும். பருவத்தின் போக்கை வைத்துப் பார்த்தால் மண்டபம் பக்கம் போட்டது வடமேற்கே அரியமானுக்கு வருவதுதான் சிரமம், இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் ஒரு பொருள் விடுவதில் அர்த்தம் இல்லை, பல வேண்டும், வேறு வேறு நாளிலும் வேண்டும். தண்ணீரின் அளவு, காற்று, ஏற்றவற்றம் மூன்றும் சம்பவ நாளுக்குப் பக்கத்தில் இருக்கும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். பௌர்ணமி, அமாவாசைக்கு எத்தனை நாள் முன்போ பின்போ நடந்தது என்று பஞ்சாங்கத்தில் பார்த்தாலே ஏற்றவற்றம் பொருந்திவிடும்.

காற்றைப் பற்றி ஒரு தோராயக் கணக்கு சொல்கிறேன். மேல்மட்டத் தண்ணீர், காற்று வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு வேகத்தில் நகரும். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று என்றால் தண்ணீர் மணிக்கு 600 மீட்டர், 12 மணி நேரத்தில் ஏழு கிலோமீட்டர். காற்று கரைக்கு நேராக அடித்தால் அவ்வளவு போவதற்கு முன்பே பொருள் ஒதுங்கிவிடும். வாடை வடக்குச் சாய்ந்து அடித்தால் கரையோரமாகவே தென்கிழக்கே இழுத்துப் போகும். அந்த நாட்களில் எது நடந்தது என்பதைப் பாம்பன் பதிவும் படகுக்காரர்களும் சொல்ல வேண்டும்.

முக்கியமாக ஒன்று. அனுமதி இல்லாமல் எதையும் கடலில் விடாதீர்கள். உங்களுடையது எல்லைக் கடல். மனித உருவில் ஏதாவது மிதந்தாலோ, ஜி.பி.எஸ். கட்டிய பொருள் கிடைத்தாலோ பெரிய பரபரப்பாகிவிடும், உங்கள் மேலேயே வழக்கு வரலாம். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் மண்டபம் கடலோரக் காவல்படைக்கும் எழுத்தில் தெரிவித்து, மீனவர் சங்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளம் ஓடும் முகத்துவாரத்தில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது, இருட்டில் வேண்டவே வேண்டாம். இன்னொரு உயிர் போகக்கூடாது.

நீங்களாகச் செய்யும் சோதனையைவிட விசாரணை அதிகாரி முன்னிலையில், மகஜர் (சாட்சிகள் கையெழுத்திடும் பதிவு) எழுதி, கடலியல் துறை வல்லுநர் ஒருவரை வைத்துச் செய்வது பல மடங்கு மதிப்புள்ளது. வல்லுநர் கருத்தை நீதிமன்றம் ஏற்பது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 39-ஆவது பிரிவில் வருகிறது. அதனால் முதலில் சோதனை நடத்தும்படி மனுக் கொடுங்கள், மறுத்தால் பிறகு யோசிக்கலாம். விடுவதற்கு முன்பே, எது நடந்தால் என்ன அர்த்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். வண்டி நின்ற இடத்திலிருந்து போனவை இரண்டு மூன்று நாளில் அரியமானில் ஒதுங்கினால், போலீஸ் சொல்வது நடந்திருக்கக்கூடியதுதான். ஆனால் தானாக விழுந்தாரா, யாரும் தள்ளினார்களா என்று அது சொல்லாது. அங்கிருந்து எதுவுமே வராமல் வேறு இடத்திலிருந்து மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், மறு விசாரணை கேட்க அது நல்ல காரணம். இரண்டு இடத்திலிருந்தும் வந்தால் சோதனை எதையும் பிரித்துக் காட்டவில்லை என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு அர்த்தம் தேடினால் மனசு தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

சட்ட வழி பற்றிச் சுருக்கமாக. சந்தேக மரண விசாரணை இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 194-ஆவது பிரிவில் நடக்கிறது, முன்பு பழைய சட்டத்தில் 174 என்று சொல்வார்களே, அதுதான். அந்த அறிக்கை கோட்ட நிர்வாக நடுவருக்கும் போகும். மனுவை முதலில் காவல் நிலையத்திலும், பிறகு மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமும் கொடுத்து ரசீது வாங்குங்கள். நடவடிக்கை இல்லாவிட்டால் 175(3) பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம், அதற்கும் மேல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது. வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள்.

கடைசியில் எழுதினாலும் முதலில் செய்ய வேண்டியது இது. தம்பியின் செல்போன் அந்த ராத்திரி எந்த டவரில் இருந்தது என்று பாருங்கள். ஆற்றங்கரையா, மண்டபமா என்பதை எந்தப் பொம்மையையும்விட அது தெளிவாகச் சொல்லும். அழைப்புப் பதிவுகளை நிறுவனங்கள் குறைந்தது இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி, அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை. தம்பியின் எண்ணுக்கும், பணத் தகராறில் பேசவிருந்தவர் எண்ணுக்கும் உரிய பதிவுகளைப் பெற்றுப் பாதுகாக்கும்படி இந்த வாரமே மனு எழுதுங்கள். கடற்கரை வழிக் கடைகள், பெட்ரோல் பங்குகளின் கேமராப் பதிவு அழிந்திருக்கும், இருந்தாலும் முதல் விசாரணையில் எடுத்தார்களா என்று கேளுங்கள். வண்டியையும் செருப்பையும் போலீஸ் திருப்பிக் கொடுத்திருந்தால் கழுவாமல், ஓட்டாமல் அப்படியே வையுங்கள். நண்பனிடம் தம்பி சொன்னது போனிலா நேரிலா, எத்தனை மணிக்கு என்று அவர் வாயாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உடற்கூறு அறிக்கையும் தண்ணீர்க் கணக்கும் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்து எழுதுகிறேன்.